வந்துகினு கீறேன்

எங்கள் சர்வர் யாருக்காகவும் காத்திருக்காது. அந்தப் புரோகிராமை எழுதியவள் நான், மலர்க்கொடி. தண்டையார்பேட்டை அலுவலகத்திலிருந்து எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு "கேட்டைத் திற", "எடை அனுப்பு" என்று கட்டளை போகும். பதில் வரும்வரை வாய் பார்த்து நிற்காமல் சர்வர் அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்தப் பக்கம் கட்டளையை வாங்கிச் செய்யும் கிளையன்ட் புரோகிராமை எழுதியவன் என் புருஷன் செங்குட்டுவன்.

வேலை முடிய நேரமானால் கிளையன்ட் அவ்வப்போது ஒரு வரி அனுப்ப வேண்டும். "செயல்பாட்டில் உள்ளது" என்று வைக்கச் சொன்னேன். அவன் "வந்துகினு கீறேன்" என்று வைத்தான். முடிந்ததும் "வந்துட்டேன்". டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு போனில் என்னிடம் விடும் அதே புளுகு.

"நம்ம ஊருக்கு இதான்மே கரெக்டு" என்று சிரித்தான்.

இரண்டாயிரத்து மூன்று மழைக்காலத்தில் ஒரு மாலை எண்ணூர் போனவன் செல்லை எடுக்கவில்லை. அங்கிருக்கும் மெஷினில் தெரியும்படி "எங்க கீற?" என்று அனுப்பினேன். படித்துவிட்டு யாராவது பட்டனை அமுக்கினால்தான் அந்தக் கட்டளை முடியும். "வந்துகினு கீறேன்" என்று பதில் வந்தது. மெஷின் சொல்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய் தோசை மாவை எடுத்து வைத்தேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி அவனை அதற்கு முன்பே அடித்துப் போட்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தால் என் திரை நிறைய அதே வரி. இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஒன்றை முடிக்காமல் கிளையன்ட் அடுத்ததைத் தொடாது; கேட் கட்டளைகள் எல்லாம் எண்ணூரில் என் கேள்விக்குப் பின்னால் வரிசையில் நின்றன. பக்கத்து சீட் பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டான். எனக்குப் பயமில்லை. அது நின்றுவிடுமோ என்றுதான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார்டு சூப்பர்வைசர் கருணாகரன் போன் செய்தார். "அவன் ரூமாண்ட ஒருத்தனும் போவ மாட்றாம்மா. கேட்டைக் கையால தள்ளிகினு கீறோம். நீயே வந்து இன்னான்னு பாரு."

போனேன். அவன் நாற்காலி அவன் தள்ளிவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. திரையில் என் கேள்வி அப்படியே நின்றது: "எங்க கீற?" கீழே ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் அவன் இனி வந்துகொண்டிருக்க மாட்டான். எனக்கு அது வேண்டாம். கருணாகரன் வாசலைத் தாண்டி வரவில்லை. வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

அமுக்கினேன்.

என் செல் அடித்தது. பாஸ்கல்தான். "அக்கா... அண்ணன் வந்துட்டேன்னு அனுப்பிக்கீறாருக்கா."

"அங்கியே இருக்க சொல்லுடா," என்றேன். "நான் வந்துகினு கீறேன்."