நம்பர் சொல்லும் பிள்ளை

மிளகாய்க் காம்பு கிள்ளிய விரல் வீட்டுக்கு வந்த பிறகுதான் எரியத் தொடங்கும். தேங்காயெண்ணெய் பூசினாலும் அடங்காது, வாளித் தண்ணீரில் முக்கினாலும் அடங்காது. மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பத்து வருஷமாகக் காம்பு கிள்ளும் இமெல்டாவுக்கு அது பழகிப்போன எரிச்சல். அந்தக் கையால் மகனின் முகத்தை மட்டும் தொடமாட்டாள்.

மகன் கிளறன்ஸுக்கு வயது பத்தொன்பது. ஆறடி உயரம். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. கேட்டதே திரும்பி வரும். "சாப்பிட்டியா மகன்?" என்றால் "சாப்பிட்டியா மகன்" என்பான். கிளினிக்கில் ஒரு டொக்டர் அதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தார். கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த, தோட்டம் என்று அழைக்கப்பட்ட நெருக்கமான வரிசை வீடுகளுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. விசரன், பைத்தியக்காரன் என்பதே போதுமாயிருந்தது. அவன் தண்ணிக்குப் போனால் பைப்படியில் பெடியன்கள் கல்லெறிந்தார்கள்.

பிறகு ரீவியில் அந்தச் சிங்கள நாடகம் வந்தது. ரீவி வைத்திருந்த கொன்ஸ்ரன்ஸ் வீட்டு வாசலில் தோட்டமே குந்தியிருந்து பார்த்தது. அதில் ஓட்டிசம் உள்ள ஒரு பெடியன், ஒருதரம் கண்ட வாகன நம்பரை மூன்று வருஷம் கழித்துச் சொல்லிக் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தான்.

"எடி இமெல்டா, உன்ர மகனுக்கும் இதுதானே வருத்தம்?" கொன்ஸ்ரன்ஸ் தொடையில் தட்டினாள். "தங்கத்தை வச்சுக்கொண்டு தகரம் எண்டு இருந்திருக்கிறாய்!"

அடுத்த நாள் காலையில், பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் பைப்படியில் வித்தை காட்டினான். த்ரீவீல் ஓட்டுகிறவன், எதையும் சிரிப்பாக்கிவிடும் பகிடிக்காரன். "முந்தநாள் சந்தியில நிண்ட லொறி நம்பர் என்ன, மகன்?" என்று சத்தமாகக் கேட்டான். கிளறன்ஸ் ஒரு நம்பரைச் சொன்னான். வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சனம் கை தட்டியது.

கேட்பதற்கு முன்னால், தோளில் கைபோடுகிற சாட்டில் ஒஸ்வால்ட் அவன் காதுக்குள் நம்பரைச் சொன்னதை இமெல்டா கண்டிருந்தாள். காதுக்குள் மெல்லச் சொன்னது அவன் நாக்கில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

"அக்கா, வாயத் திறக்காதீங்க," என்றான் ஒஸ்வால்ட். "கல்லெறி நிண்டதா, இல்லையா?"

நின்றுதான் போனது. ரீவிக்கு முன்னால் கிளறன்ஸுக்குக் கதிரையும் கிடைத்தது. கேட்டவர்களுக்கு இமெல்டாவும் சொன்னாள்: "ஓம், சின்னனிலயிருந்தே அப்பிடித்தான். ஒண்டையும் மறக்கமாட்டான்."

அது சொல்லக்கூடிய காலமா? ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிஸில் எழுதிக் கொடுத்திருந்த காலம். ஆள் கடத்தும் வெள்ளை வானைக் கண்டால் தெரு தானாக வெறிச்சோடும். ஆமிப் பெரியவர் ஒருவரின் வாகனத்தைக் குறிவைத்து நகரத்தில் குண்டு வெடித்தது. மூன்றாம் நாள் பின்னேரம் தோட்டத்து வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது இமெல்டாவுக்குக் கேட்டது.

"நம்பர் கியன கொல்லா கோ?" சார்ஜன் நேராக அவள் வீட்டுக்குள் வந்து, நம்பர் சொல்லுகிற பெடியன் எங்கே என்று கேட்டான். பின்னால் துவக்கோடு ஒரு இளையவன்.

இமெல்டா கிளினிக் அட்டையை ஓடிப்போய் எடுத்து நீட்டினாள். வருத்தக்காரப் பிள்ளை என்று கண்டால் விட்டுவிடுவான் என்று நினைத்தாள். சார்ஜன் வாசித்தான்.

"ஆ, ஓட்டிசம். ரீவில பாத்தது நான். இவன் மறக்கிறது இல்ல." கிளறன்ஸின் பக்கம் திரும்பினான். "ஆமிப் பெரியவர்ட வாகன நம்பர் யாருக்குச் சொன்னது?"

"யாருக்குச் சொன்னது," என்றான் கிளறன்ஸ்.

இளையவன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. நீ புலியா என்று சிங்களத்தில் கேட்டான். "உம்ப கொட்டியெக்த?"

அடுத்து கிளறன்ஸின் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று இமெல்டாவுக்குத் தெரியும். பாய்ந்து மகனின் வாயைப் பொத்தினாள். அதே கை. மிளகாய் உதட்டிலும் கண்ணிலும் ஏற, கிளறன்ஸ் அலறிக்கொண்டு சுவரில் தலையை மோதினான். இளையவன் துவக்கை உயர்த்தினான்.

"சேர், எப்பா சேர், எப்பா!"

வேண்டாம் என்று சிங்களத்தில் கெஞ்சியபடி வாசலில் ஒஸ்வால்ட். கதவைச் சாத்திக்கொண்டு அவனும் இருந்திருக்கலாம். "அவனுக்கு ஒண்டும் தெரியாது சேர். நான்தான் காதுக்குள்ள சொல்லிக் குடுக்கிறனான். பகிடி சேர்." கிளறன்ஸை அணைத்துக் காதுக்குள் ஏதோ சொன்னான். அழுகைக்கு நடுவே கிளறன்ஸ் ஒஸ்வால்டின் த்ரீவீல் நம்பரைச் சொன்னான்.

சார்ஜன் கிளறன்ஸை விட்டு ஒஸ்வால்டின் பக்கம் திரும்பினான். "அப்ப நம்பர் தெரிஞ்ச ஆள் நீ."

ஒஸ்வால்டின் சேர்ட் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "அக்கா, டோரினிட்ட சோத்த மூடி வைக்கச் சொல்லுங்க, இப்ப வந்திடுவன்," என்று ஜீப்பிலிருந்து பெண்சாதிக்குச் சேதி சொன்னான்.

இன்றைக்குப் பதினோரு நாள். அப்படி ஒருவனைக் கொண்டுவரவே இல்லை என்கிறது பொலிஸ். கொண்டுபோனதைக் கண்டோம் என்று சொல்லத் தோட்டத்தில் ஒருவருமில்லை. நேற்று ஒஸ்வால்டின் பெண்சாதி டோரின் வந்து கிளறன்ஸுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள்.

"மகன், மாமாவ ஏத்தின ஜீப் நம்பர் என்ன? நீ மறக்கமாட்டாய்தானே?"

"மறக்கமாட்டாய்தானே," என்றான் கிளறன்ஸ்.

திரும்பத் திரும்பக் கேட்டாள். திரும்பத் திரும்ப அதுவே வந்தது. பெண்சாதிக்குக்கூட ஒஸ்வால்ட் வித்தையின் சூட்சுமத்தைச் சொல்லியிருக்கவில்லை என்று இமெல்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாவற்றையும் சொன்னாள். டோரின் முழங்காலிலிருந்து எழுந்தாள்.

"அப்ப நீங்க பொலிஸுக்கு வாங்க அக்கா. உங்கட வீட்டுக்குள்ள வச்சுத்தானே பிடிச்சது. உங்கட கண்ணால கண்டதச் சொல்லுங்க, அது போதும்."

போனால் கிளறன்ஸையும் கூட்டிவா என்பார்கள். அதே சார்ஜன், அதே கேள்வி. "நாளைக்கு," என்றாள் இமெல்டா.

அவள் சொன்ன அந்த நாளை இன்றுதான். பொழுதும் பட்டுவிட்டது. டோரினின் வீட்டு விளக்கு தெரியாமலிருக்க இமெல்டா ஜன்னலைச் சாத்திவிட்டு, எரிகிற கையை வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒஸ்வால்டுக்கு அவள் கொடுக்கவேண்டியது ஒரு சாட்சி. இன்னும் கொடுக்கவில்லை.