பட்டினி வரிசைகள்

நாவிதன்வெளிப் பக்கம் கச்சிமுகம்மதுவுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் இருந்தது. நெல்லுக்குத் தண்ணீர் ஏறாது. அதில் மலைவேம்பு நட்டால் ஏழெட்டு வருஷத்தில் பலகைக்கு வெட்டலாம் என்று மகள் றுமானா சொன்னாள். விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே வாப்பா இறங்கிவந்தார்.

"ஒரு வருஷம் தாறன் மகள். பசளை போட்டா மரம் கெதியா எழும்பும் எண்டு சொல்ற. அத என்ட கண்ணுக்குக் காட்டு. இல்லாட்டிப் புடுங்கிப்போட்டு கச்சான்கடலை போட்டிருவன்."

எட்டு வரிசை நட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குத்தான் பசளை. றுமானா நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நாச்சியா, மரத்தடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுவாள்.

வருஷம் முடிந்து வாப்பா பார்க்க வந்தார். வரிசைக்கு வரிசை நடந்தார். எட்டும், கல்யாண வீட்டுக்கு ஒரே சீலை உடுத்தி வந்த அக்கா தங்கச்சிமார் போல, ஒரே உயரத்தில் நின்றன.

"அப்ப என்னத்துக்கு மகள் பசளை?"

றுமானா நாடாவால் அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"கச்சானுக்கு ஆள் சொல்றன்" என்று வாப்பா திரும்பினார்.

"காக்கா, நில்லுங்க." அண்ணன் முறை வைத்து அவரைக் கூப்பிட்ட நாச்சியா முந்தானையைப் பிசைந்தாள். "எல்லா வரிசைக்கும் போட்டுட்டன். பொட்டலத்தப் பாதி பாதியாப் பிரிச்சி."

"ஏன் சாச்சி?" என்றாள் றுமானா.

"ஏனா? ஒருத்தன் திங்கக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் வாயப் பாத்துட்டு நிக்கிறதா? பட்டதாரிப் புள்ளைக்கு இது தெரியாதா?"

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்டையும் உடல்லயா?"

"அந்த மூலையில நிக்கிறதுக்கு மட்டும் போடல்ல. குனிஞ்சா கட்டெறும்பு கடிச்சிக் கை வீங்கிச்சி. அதோட எனக்குக் கதையில்ல."

புல்லை விலக்கிப் பார்த்தார்கள். மற்றவை வாப்பாவின் தலைக்கு மேலே போயிருக்க, அது அவர் இடுப்பளவில் நின்றது.

"அட! பசளை வேலை செஞ்சிருக்குதானே!"

றுமானா தலையாட்டினால் போதும், தோட்டம் தப்பிவிடும். அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஒரு மரத்த வெச்சிச் சொல்லேலா வாப்பா. எறும்பாலயும் இருக்கலாம். புல்லாலயும் இருக்கலாம்."

வாப்பா அவளையே பார்த்தார். "நாப்பது வருஷமா வயலுக்குப் பசளை வாங்குறன். 'இருக்கலாம்' எண்டு ஒரு கடைக்காரனும் சொன்னதில்ல. சரி, இன்னொரு வருஷம் பாரு."

றுமானா உடனே நாச்சியாவிடம் போனாள்.

"சாச்சி, இந்த முறை நாலு வரிசைக்கு ஒண்டும் போடப்படாது."

"தண்ணியாவது ஊத்தலாமா?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவு."

நாச்சியா மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எந்த நாலு எண்டு நீயே போய் அதுகளுக்கிட்டச் சொல்லு புள்ள. எனக்கு ஏலா."