வலப்பக்கம் ஒதுங்கும் வரிசை

பண்டைய கிரேக்கத்தை ஒன்பதாம் வகுப்புக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வைத்தவர் யாரோ, அவருக்கு வரலாற்றின் மேல் தீராத பகை இருந்திருக்க வேண்டும். பாதி வகுப்பு தூங்கி விழும். அந்தத் தலையாட்டலைப் பாடம் புரிந்ததாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வரலாற்று டீச்சர் அப்பாவி இல்லை. கிரேக்கப் படையை மைதானத்திலேயே நிறுத்திக் காட்டிவிடுவது என்று முடிவுகட்டினார். பிள்ளைகள் தனக்கு ‘ஏதென்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் விசில் சார். பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கேடயம் செய்திருந்தார்கள். சோம்பேறிகள் பரீட்சை அட்டையோடு வந்தார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து அண்டா மூடியையே தூக்கி வந்துவிட்டாள்.

“கேடயம் இடது கையில. பாதி உன்னை மறைக்கும், மீதிப் பாதி உனக்கு இடப்பக்கம் நிக்கிறவங்களை மறைக்கும். அப்போ உன் வலப்பக்கத்தைக் காப்பாத்துறது யாரு?”

“வலப்பக்கம் நிக்கிறவங்க டீச்சர்!”

“அவங்க கேடயத்தை இறக்கிட்டா?”

“நான் காலி டீச்சர்!” என்றாள் மூடிக்காரி.

விசில் சார் ஊதினார். நேராகக் கிளம்பிய படை போகப் போக வலப்பக்கமாக ஒதுங்கி, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் போய் முட்டியது. சைக்கிள்கள் சரிந்தன, படையும் சரிந்தது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

“யார் தப்பு டீச்சர்?”

“யார் தப்பும் இல்ல. பயந்தா எல்லாரும் பக்கத்துக் கேடயத்துக்குள்ள ஒண்டத்தான் பாப்பாங்க. நிஜப் படையே அப்படித்தான் ஒதுங்குமாம்.”

அந்த வாரமே பள்ளியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. வரலாற்று டீச்சர்தான் எடுத்துச் சொன்னார்: யார் மேல் கை வைத்தாலும் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்போம், ஒருவரை ஒருவர் மறைத்து நிற்போம் என்று. எல்லோரும் சரி என்றார்கள். “நான் இருக்கேன்டி உனக்கு” என்று தோளில் கை போட்டார் கணக்கு டீச்சர். வந்த நாளிலிருந்து வரலாற்று டீச்சர் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டது அவரிடம்தான். வரலாற்று டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கணவருக்கு வேலை போய் வெகு நாளாகிறது, வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஆசிரியர் கூட்டத்தில் வரலாற்று டீச்சருக்கு வலப்பக்கம் கணக்கு டீச்சர், இடப்பக்கம் விசில் சார். தலைமையாசிரியர் சுற்றி வளைக்கவில்லை.

“இந்த வருஷத்தோட கிரேக்கம், ரோம் எல்லாம் போதும். அந்த நேரத்துல கம்ப்யூட்டர் வரட்டும். வரலாற்று டீச்சரை அடுத்த மாசத்தோட விடுவிச்சிடலாம்னு நிர்வாகத்துல சொல்றாங்க.”

வரலாற்று டீச்சர் வலப்பக்கம் திரும்பினார். அக்கா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடினார், தேடினார், அப்படித் தேடினார். அதற்கப்பால் இருந்தவர்கள் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். இடப்பக்கம்தான் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“டீச்சரை அனுப்பினா நாங்க எல்லாரும் போறோம் சார்” என்றார் விசில் சார், எழுந்து நின்று.

“எல்லாருமா?” தலைமையாசிரியர் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எழுந்தவர் ஒருவர்தான். “அப்போ சுலபமாப் போச்சு. நீங்க போங்க சார். விளையாட்டு வகுப்பையும் டீச்சரே பாத்துக்கட்டும். என்ன டீச்சர்?”

விசில் சார் வலப்பக்கம் திரும்பி டீச்சரைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் கொடுமை.

“பாத்துக்கறேன் சார்” என்றார் வரலாற்று டீச்சர்.

சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வயிற்றின் அடியில் ஓர் ஆறுதல், வேலை தப்பித்தது என்று. அந்த ஆறுதலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கணக்கு டீச்சர் மேசைக்கடியில் அவர் கையை அழுத்தினார். “நல்ல வேளைடி” என்றார் மெதுவாக.

மறுநாள் மதியம் மைதானத்தில் புதுக்கோடு பளிச்சென்று கிடந்தது. அடுத்த மாதத்தோடு போக வேண்டிய விசில் சார், இன்னொரு தடவை கோடு போட்டுத் தருவதாகப் பிள்ளைகளிடம் சொன்ன சொல் தவறாமல் வந்து போட்டிருந்தார்.

“வெயில் ஏறுதுங்க டீச்சர், ஆரம்பிச்சிடலாமா?” என்றார், என்றும் கேட்பதுபோல. கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட டீச்சர் பிழைத்திருப்பார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போனார்.

விசில் சத்தம் கேட்டது. அட்டைகளும் மூடியுமாகப் படை கிளம்பியது. பாதி தூரம் நேராக வந்தது. பிறகு ஒருவர் தோளை ஒருவர் இடிக்க, அதே வலப்பக்கம், அதே சைக்கிள்கள்.

இன்று யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. மூடிக்காரி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னிக்கு யார் தப்பு டீச்சர்?”

விசில் சார் சைக்கிள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். காதில் விழும் தூரம்தான்.

“என் தப்பு.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடிக்காரிக்கு டீச்சரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

“நீங்க வரிசையிலயே நிக்கலையே டீச்சர்” என்றாள்.