நாச்சியம்மாளின் கார் குடித்த ஆயில்

பாலுசாமி வீட்டுக் காதுகுத்துக்குப் போனவர்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். பேசியதென்னவோ நாச்சியம்மாளின் காரைப் பற்றி. தாய்மாமன் சீர்த்தட்டோடு பெண்கள் வருகிறார்களே, மண்டப வாசலில் வழிவிடுவோம் என்று நல்ல மனதோடுதான் அவள் சாவியைத் திருகினாள். பின்னாலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பி, சீர்த்தட்டு, மாலை, பட்டுச்சேலை என்று பார்க்காமல் அத்தனை பேரையும் மூடியது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள். காது குத்திக்கொள்ள வேண்டிய குழந்தை, ஆசாரி பக்கத்தில் வருவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலமே மகன் மிதுன் முடிவு செய்துவிட்டான். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை லாரி வரும்.

நாச்சியம்மாளுக்கு வயது ஐம்பத்தொன்று. நாற்பத்து நாலு வயதில், ஊரே சிரிக்கச் சிரிக்க, கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். கணவர் தம்பிதுரைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும்; ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிரேக் எங்கே போட வேண்டும் என்று சொல்வதில் சூரர். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வண்டி அது, பாசிப்பச்சை நிறம், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதில்தான் அவள் அவிநாசியிலிருந்து கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அவள் பங்குக்கு வந்த வாழைத் தோட்டத்துக்கு வாரம் இரண்டு முறை போவாள். யாரையும் கேட்க மாட்டாள். பஸ்ஸுக்கு நிற்க மாட்டாள். மனம் வந்தால் கிளம்புவாள். இந்த வண்டி போனால் அதுவும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு எங்க போகோணுமோ நான் கார் புக் பண்ணித் தர்றேனுங்ம்மா," என்றான் மிதுன், பெரிய உபகாரம் செய்கிற குரலில்.

"நான் போற எடத்துக்கெல்லாம் உன்ற போன் வழி காட்ட வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே போய் அழுதாள் என்பது தம்பிதுரைக்கு மட்டும் தெரியும்.

மிதுன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வருஷமாகவே வண்டி ஆயில் குடிக்கிறது. அவிநாசியில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். ஒருவர் பின்னால் வந்த புகையை ஒரு முறை பார்த்தார், "பிஸ்டன் ரிங் போச்சுங்க, இன்ஜினை இறக்கோணும்" என்றார். இன்னொருவர் பார்க்கவேயில்லை, காது கொடுத்துக் கேட்டே அதையே சொன்னார். ஏன் சொல்ல மாட்டார்கள்? புகை நீலம், ஆயில் குறைகிறது. வேறென்ன சொல்வார்கள்!

ஆயில் விஷயத்தில் நாச்சியம்மாளைக் குறை சொல்ல முடியாது. தினமும் காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியை உருவுவாள், துணியால் துடைப்பாள், மறுபடி விட்டு எடுப்பாள். கம்பியில் இரண்டு கோடு. ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் உடனே கேனைத் திறந்து ஊற்றுவாள். வாரத்துக்கு ஒரு லிட்டர் போனது. பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை பார்த்துப் பார்த்து ஊட்டியிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை காலை, கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கோயம்புத்தூர் உக்கடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே ஷாநவாஸ் என்று ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். இன்ஜினைத் திறக்காமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார் என்று தோட்டத்துக்கு உரம் கொண்டுவரும் டிரைவர் சொல்லியிருந்தார்.

ஷாநவாஸுக்கு நாற்பது வயதிருக்கும். புகையைப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிளக் நாலையும் கழற்றினார். நாலும் ஆயிலில் நனைந்திருந்தன. பிளக் இருந்த துளையில் அழுத்தம் பார்க்கும் மீட்டர் ஒன்றைத் திருகி, "சாவியைப் போட்டுச் சுத்துங்கக்கா" என்றார். நாச்சியம்மாள் சுற்றினாள். நாலு துளைக்கும் நாலு முறை.

"நூத்தி அறுவத்தஞ்சு, நூத்தி அறுவது, நூத்தி அறுவத்தஞ்சு, நூத்தி அறுவத்திரண்டு," என்று படித்துவிட்டு ஷாநவாஸ் மீட்டரைத் துடைத்தார். "ரிங் தேஞ்ச வண்டில இந்த அழுத்தம் வராதுங்கக்கா. இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது."

நாச்சியம்மாளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. "அப்போ புகை?"

"அதைத்தான் நானும் கேக்கறனுங்க."

காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தார். காற்று போகிற இடத்தில் ஆயில் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஷாநவாஸின் புருவம் மேலே போனது. ஒரு பக்கெட்டை அடியில் வைத்து, இன்ஜினிலிருந்த ஆயில் முழுவதையும் இறக்கினார். இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தார். ஐந்து லிட்டர்.

"ஏனுங்கக்கா, இந்த இன்ஜினுக்கு மூணரை லிட்டர்தான். ஒண்ணரை லிட்டர் கூட இருக்குது! அதுதானுங்க உள்ள இடம் பத்தாம நொரைச்சு, காத்துக் குழாய் வழியா ஏறி, எரிஞ்சு புகையா வருது. யாரு இப்படி ஊத்துனது?"

"நாந்தான் ஊத்துனேன்," என்றாள் நாச்சியம்மாள். முகம் சிவந்துவிட்டது. "சும்மா ஊத்துவனா? கொறஞ்சிருந்துச்சு, ஊத்துனேன். தெனமும் காத்தால கம்பியைப் பாத்துத்தானுங்க ஊத்தறேன். என்ற கண்ணு என்ன பொட்டையா?"

ஷாநவாஸ் மூன்றரை லிட்டர் புது ஆயிலை அளந்து ஊற்றினார். கேஜ் கம்பியை விட்டு எடுத்தார். சரியாக மேல்கோட்டில் நின்றது. கம்பியும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு இதுக்கு மேல புரியலீங்கக்கா. வடிகட்டியைக் கழுவிப் போட்டிருக்கறேன். குழாய்ல ஒட்டியிருக்கறது எரியற வரைக்கும், உங்க ஊடு போய்ச் சேர்ற மட்டும், கொஞ்சம் புகை வரும். நாளைக்குக் காலைல கம்பியைப் பாருங்க. என்ன காட்டுனாலும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. எனக்கு போன் பண்ணுங்க."

நாளைக்குக் காலையில் லாரி வருகிறது என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டி செத்துப்போனதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

வரும் வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். கருமத்தம்பட்டி வரைக்கும் லேசாகப் புகை தெரிந்தது. அப்புறம் இல்லை. வீட்டுக்கு வந்ததும், எப்போதும் போல, வண்டியைப் பின்பக்கமாக ஏற்றி வாசலில் நிறுத்தினாள்.

இந்த இடத்தில் அந்த வீட்டு வாசலைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம்தான் கட்டிக் குடிவந்த வீடு. நாளைக்கே ரோட்டை உயர்த்திவிட்டால் தண்ணீர் உள்ளே வருமே என்று தம்பிதுரை வீட்டை நாலடி தூக்கிக் கட்டிவிட்டார். கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு சிமெண்ட் சறுக்கு. அதில்தான் கார் நிற்கும். அதுவும் முகம் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்புகிற வண்டி முதலில் பின்னால் உருண்டால் போகிற காரியம் பின்னால் போய்விடும் என்பது தம்பிதுரையின் கட்சி. அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் வீட்டிலும் அதே கட்சிதான். ஆகவே ஒரு வருஷமாக அந்தக் கார் மூக்கைத் தாழ்த்தியபடியே நின்றது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நாச்சியம்மாள் பானெட்டைத் தூக்கினாள். கம்பியை உருவினாள், துடைத்தாள், விட்டாள், எடுத்தாள்.

ஆயில் கீழ்கோட்டுக்கும் கீழே இருந்தது.

நேற்று மதியம் மேல்கோட்டில் நின்ற ஆயில்! நாற்பது கிலோமீட்டரில் எங்கே போனது? வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் மிதுன் சொன்னதுதான் சரியா? கை தானாகக் கேனுக்குப் போனது.

"ஊத்து அம்மணி," என்றார் தம்பிதுரை, வருத்தமாக. "போற வண்டி, வயிறு நெறஞ்சு போகட்டும்." அவர் கையில் தண்ணீர் வாளியும் துணியும் இருந்தன. அழுக்காக அனுப்பக் கூடாது, கழுவி ஒரு பொட்டு வைத்து அனுப்ப வேண்டும் என்று அவருக்கு. வாளியைச் சறுக்கில் வண்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணியை நனைத்தார்.

நாச்சியம்மாள் கேன் மூடியைத் திறந்துவிட்டாள். ஊற்றச் சாய்க்கவும் போனாள். அப்போதுதான் கண் வாளியில் விழுந்தது. ரோட்டுப் பக்கம் தண்ணீர் வாளியின் விளிம்பைத் தொட்டுத் ததும்பியது. வீட்டுப் பக்கம் விளிம்புக்கு நாலு விரல் கீழே கிடந்தது. ஒரே வாளி, ஒரே தண்ணீர்.

அவள் வாளியைப் பார்த்தாள். இன்ஜினைப் பார்த்தாள். கம்பி இறங்குகிற துளை இன்ஜினின் பின்பக்கம், வீட்டுப் பக்கம் இருந்தது.

"அட நாசமே!" என்று கத்தினாள். தம்பிதுரை துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னாச்சு அம்மணி?"

"ஆயிலெல்லாம் முன்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சுங்க! பின்னாடி கம்பிக்கு எட்டவே மாட்டேங்குது. நானும் ஒரு வருசமா, இல்லாத பசிக்குச் சோறு போட்டுட்டிருக்கறேன்!"

விளக்கமெல்லாம் சொல்ல நேரமில்லை. ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ரோட்டில், சமதரையில் நின்றது. பத்து நிமிஷம் ஆயில் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அத்தனை நீளமான பத்து நிமிஷம் பிரசவத்தில்கூட வந்ததில்லை.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் லாரியும் வந்தது, அதன் பின்னாலேயே மிதுனின் காரும் வந்தது. லாரிக்கார வேங்கடசாமி இறங்கிச் சங்கிலியை எடுத்தார். நட்டநடு ரோட்டில் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நிற்பதைப் பார்த்ததும் சங்கிலியை மறுபடி கீழே வைத்தார்.

"மிதுனு, வா இங்க," என்றாள் நாச்சியம்மாள். அவன் முகத்துக்கு நேரே கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்துக் காட்டினாள். ஆயில் மேல்கோட்டில் நின்றது. "பாத்துக்கிட்டியா? கால் மணி நேரத்துக்கு முன்னாடி கீழ்கோட்டுக்கும் கீழ. உங்கப்பா சாட்சி."

"சாட்சிங்க," என்றார் தம்பிதுரை, எதற்குச் சாட்சி என்று முழுதாகப் புரியாமலே.

மிதுன் கம்பியைப் பார்த்தான், சறுக்கைப் பார்த்தான். படித்த பிள்ளை, உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "செரிங்ம்மா, அளவு செரி. புகை? அன்னிக்கு மண்டபத்துல வந்தது?"

"உன்ற கார்ல ஏறி என்ற பின்னாலயே வா. கண்ணாடியை எறக்கி வெச்சுக்கோ. ஏசி போட்டே, தொலைச்சுபோடுவேன்."

சேவூர் ரோட்டில் வண்டி பறந்தது. தம்பிதுரை பக்கத்து சீட்டில் ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் அவள் போனையும் பிடித்திருந்தார். நாச்சியம்மாள் வேண்டுமென்றே மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தாள். பிறகு சட்டென்று காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள். ஆயில் எரிகிற வண்டியானால் அப்போதுதான் மானத்தை வாங்கும். கண்ணாடியில் மகனின் வெள்ளைக் கார் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரு மூட்டம் இல்லை. காலை வெயில் மட்டும்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணிலும் நீர் வந்துவிட்டது. இரண்டையும் துடைக்கவில்லை.

சேவூர் தாண்டியதும் போன் அடித்தது. தம்பிதுரை ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, ஒண்ணுமே வரலீங்ம்மா," என்றான் மிதுன். குரலில் கொஞ்சம் மூக்குடைபட்டவனின் தாழ்மை.

"நல்லாப் பாத்தியா?"

"மூஞ்சிய வெளிய நீட்டிட்டேதானுங்ம்மா வாரேன். புழுதிதான் பூந்துச்சு. செரி, போதும், திருப்பிட்டு வாங்க. லாரிக்காரரு ஊட்டுல காத்திட்டிருக்காரு."

"அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சுபோடு. நான் தோட்டத்துக்குப் போறேன்."

"இப்பவேங்களா?" பிறகு, தோற்றவன் கடைசியாக ஒரு கல் எறிகிற மாதிரி கேட்டான். "அப்போ இத்தன நாளா இந்த வண்டியக் கெடுத்தது யாருங்ம்மா?"

தம்பிதுரை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாச்சியம்மாள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"நாந்தான் கண்ணு," என்றாள் கம்பீரமாக. "கண்டுபிடிச்சதும் நாந்தான். போனை வை, வண்டி ஓட்டறேன்."

நம்பியூர் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் விடாமல் சிரித்துக்கொண்டே போனார்கள்.