வெள்ளத்தில் இறங்கிய கப்பலின் கதவு

கொச்சி மட்டாஞ்சேரியில் கிருஷ்ணபிரசாத் நடத்தும் பழம்பொருள் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பெரும்பாலும் பொருளைவிட அது புதியது. வாசலில் ஓர் இரும்புக் கதவு சாய்ந்து நின்றது. பிரிட்டிஷ் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மஸ், பிற்பாடு நம்முடைய விராட், அதன் கதவாம். இந்த 'ஆம்' எவ்வளவு எடை தாங்கும் என்பதுதான் அன்றைய பிரச்சினை.

கதவுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பலகை எழுதி வைத்தவள் தன்யா. அப்பா தேனியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்; அவள் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்பது பேச்சு. பலகையைப் படித்து ஒரு தமிழராவது வாங்கவில்லை என்றால் திங்கட்கிழமை வர வேண்டாம். அன்று சனிக்கிழமை.

வந்தவர் செல்லப்பா. சென்னைக்காரர். துறைமுக அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் 'கடல்சார் ஆய்வாளர்' ஆகிவிட்டார். விசிட்டிங் கார்டு அப்படித்தான் சொன்னது. கதவைத் தட்டினார், முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார். பிறகு பலகையை உரக்கப் படித்தார்.

"1953: கப்பல் வெள்ளத்தில் இறங்கியது. 1959: பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1982: ஃபாக்லாந்து யுத்தத்தில் தலைமைக் கப்பல். 1987: விராட் என்ற பேரில் இந்தியாவுக்கு. 2017: ஓய்வு. பிறகு குஜராத் அலங்கில் உடைத்தார்கள்." நிமிர்ந்தார். "என்ன வெள்ளம்?"

"வெள்ளம் தன்னே சாரே," என்றார் கிருஷ்ணபிரசாத். "கப்பலல்லே. ஜீவிதம் முழுக்க வெள்ளத்துலதான்."

"முழுக்கவா?"

"அடிப்பாகம் மட்டும். மேல எப்பவும் டிரை."

செல்லப்பா குனிந்தார். கதவின் அடியில்தான் துரு. "ரெண்டாயிரத்துப் பதினெட்டு கேரளா வெள்ளத்துல முழுகின சரக்கு. யாருகிட்டய்யா கதை விடுறீங்க?"

தன்யாவுக்கு விஷயம் புரிந்தது. சொன்னால் தப்பு அவளுடையது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கதவு விலைபோகாது. சொன்னாள்.

"சார், அது என் தப்பு. மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி. கப்பலைத் தண்ணியில இறக்கினாங்கன்னு எழுத வந்தேன்."

செல்லப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா பழக்கி வெச்சிருக்கார். ஏமாத்துறவன் வெள்ளத்தை எழுதவே மாட்டான். நீங்க எழுதிட்டு இப்ப மறைக்கப் பாக்குறீங்க. அப்ப எழுதினது நிஜம். வெள்ளம் நிஜம்னா மத்த வருஷமும் நிஜம்."

இந்தத் தர்க்கம் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாமலே கிருஷ்ணபிரசாத் தலையாட்டினார். அவர் தொழிலில் பாதி அதுதான்.

"எடுத்துக்கறேன். எங்க அபார்ட்மென்ட் ஹால்ல நிறுத்தணும். ஆனா சான்றிதழ்ல உங்க கையெழுத்து வேணாம் சேட்டா. இந்தப் பொண்ணு போடட்டும். பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல அதுக்கு."

காகிதம் வந்தது. 'இக்கதவு மேற்படி கப்பலுடையது என உறுதி கூறுகிறேன்.' தன்யா பேனாவைத் திறந்தாள்.

"சேட்டா, இது அந்தக் கப்பலோடதுதானே?"

"கப்பலோடதாணு," என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி.

"எந்தக் கப்பல்?"

"நீ ஒப்பு இடு மோளே, ஒரு கையெழுத்தல்லே. சாருக்கு நேரமாகுது."

தன்யா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "எனக்குத் தெரியாது சார். பலகைய மட்டும்தான் நான் எழுதினேன். அதுவும் போன்ல பாத்து."

செல்லப்பா கதவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். இரண்டும் நம்பும்படி இல்லை. பிறகு தன் விசிட்டிங் கார்டைப் பார்த்தார். அது நம்பும்படி இருந்தது. "இங்க நிபுணர் யாரு? நான்தானே," என்று உறுதிமொழிக்குக் கீழே தானே கையெழுத்திட்டார். தேதியும் பதவியும் சேர்த்தார். வாங்கும் பொருளுக்குத் தானே சான்று கொடுத்த அந்தக் கையை கிருஷ்ணபிரசாத் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

கதவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் தன்யாவிடம் வந்தார்.

"திங்களாழ்ச்ச வந்துடு. வேலை ஸ்திரம். பலகையில ஒரு அட்சரம் மாத்த வேண்டா. பின்னே, ஆளுங்ககிட்ட தெரியாது, அறியில்லன்னு மட்டும் பறயாதே. அடுத்த கதவு புதன்கிழமை வருது."

"எந்தக் கப்பல்?"

"இதே கப்பல்."

தன்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வருவியல்லே?"

"அறியில்ல சேட்டா," என்று படியிறங்கினாள்.