தெரிந்த முகம்

போட்டோக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. ஒருமுறை பார்த்த முகத்தை அவள் மறக்கமாட்டாள். பாஸ்போர்ட், லைசென்ஸ், அடையாள அட்டை என்று எங்கள் தெருவின் முகங்களெல்லாம் அவளுடைய ஸ்டுடியோவில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒருதரமாவது உட்கார்ந்தவைதான். பஸ்ஸில் யாரையோ தட்டிக் கூப்பிட்டு, "லைசென்ஸுக்கு எடுத்தப்ப மீசை இருந்துச்சே, ஏன் எடுத்துட்டீங்க?" என்பாள். அந்த மனிதர் மீசை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் அவள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தாள். தோளில் பையோடு அவள் தங்கை வாசலில் நின்றாள். ஒருவன் ஓடிவந்து பையைப் பிடுங்கினான். தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை, விடவில்லை. இழுத்த இழுப்பில் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்தப் படியில்தான் சொட்டை எப்போதும் படுத்திருக்கும். முதுகில் ஒரு கையகலம் முடி இல்லாத தெருநாய் அது. பாய்ந்த சொட்டையை வயிற்றில் எட்டி உதைத்துவிட்டு அவன் பையோடு ஓடிப்போனான். போட்டோக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பிளாஷ் அடித்து அணைகிற நேரம்தான்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் கடை பூட்டியே கிடந்தது. பூட்டிய கடை முன்னால் நின்று நின்று எட்டிப் பார்த்த ஒருவனைப் போலீஸ் பிடித்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. ஸ்டேஷன் பின்கட்டில் ஆறு பேரைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். பேசக்கூடாது, கையைக் காட்டினால் போதும் என்றார்கள். மூன்றாவது ஆளைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த முகம். நெற்றியோரத்தில் அந்தச் சின்ன அம்மைத் தழும்பு. அந்த ஆளோ அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்கவேறு சிரித்தான்.

"இவன்தான். திமிரைப் பாருங்க, பல்லைக் காட்டுறான்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"லிஃப்ட் மெக்கானிக்காம். உங்க கடையில போட்டோ எடுத்தானாம், அதை வாங்கத்தான் வந்தேன்னு சொல்றான். கம்ப்யூட்டர்ல ஒரு தடவை தேடிப் பாத்துடுங்களேன்."

"எதுக்கு சார்? என் கடைக்கு வந்த முகம் எனக்குத் தெரியாதா? எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள். அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு அவரும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சம்பவம் நடந்த இடத்தைப் பார்க்க ஜீப் வந்தது. அவனும் உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். உதைபட்ட நாளிலிருந்து சொட்டை எந்த ஆம்பளையைப் பார்த்தாலும் பல்லைக் கடித்து உறுமும். பால்காரர் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார். அப்படிப்பட்ட நாய் நொண்டிக்கொண்டே போய் ஜீப்பின் கதவில் முன்னங்கால்களை வைத்து வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

"நாய்க்கு ஆளைத் தெரியுதே!" என்றார் பால்காரர்.

"நன்றி கெட்ட ஜென்மம். உதைச்சவனுக்கே வாலாட்டுது பாருங்க" என்று போட்டோக்கா அதை விரட்டினாள். நாங்களும் சிரித்தோம்.

கடை திறந்த அன்று முதலில் வந்தது ஒரு பெண். மடித்து மடித்துக் கசங்கிய ரசீதை நீட்டினாள்.

"என் வீட்டுக்காரரோட போட்டோ, அக்கா. விசாவுக்கு எடுத்தது. அவரால வர முடியல."

போட்டோக்கா எண்ணைப் பார்த்து டப்பாவிலிருந்து கவரை எடுத்தாள். சரியான போட்டோதானா என்று பிரித்துப் பார்ப்பது வழக்கம். பார்த்தாள்.

அம்மைத் தழும்பு. அதை அழித்துவிடலாமா, விட்டுவைக்கலாமா என்று யோசித்தபடி திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். திருடன் வந்த அன்று காலையில்தான். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை வெளுத்ததும், கழுத்துப் பட்டையை நேராக்கியதும் அவள் கைதான். திருடனைப் பார்த்தது ஒரு நொடி. அரை மணி நேரம் பார்த்தது இந்த முகத்தை. தெரிந்த முகம் என்று மனசு சொன்னது பொய்யில்லை. எங்கே பார்த்தது என்பதை மட்டும் அது மாற்றி வைத்துவிட்டது.

"எங்க அவரு?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள்.

"ஸ்டேஷன்ல. பாக்கக்கூட விடல. எவளோ ஒருத்தி இவர்தான் திருடன்னு கையக் காட்டிட்டாளாம். அவ கண்ணு அவிஞ்சு போக! அடுத்த மாசம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பணும்க்கா. போட்டோவாவது கொடுத்து வைக்கலாம்னு வந்தேன்." சொல்லிக்கொண்டே படியைப் பார்த்தாள். "இந்த நாய்தானா அது? போட்டோ எடுக்க வந்தப்ப பன்னு போட்டேன், கூடவே வந்துச்சுன்னு அன்னைக்கே சொன்னாரு."

சாபத்தைக்கூடப் போட்டோக்கா நிமிர்ந்து வாங்கிக்கொள்ளவில்லை. கவரைக் கொடுத்தாள். அந்தப் பெண் "வரேன்க்கா" என்றாள்.

கட்டுப்போட்ட கையோடு உள்ளே உட்கார்ந்திருந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் இல்லேன்னு அவங்களே விட்டுருவாங்கக்கா. நீ போய்ச் சொன்னா உன்னைப் பொய்ச் சாட்சின்னு பிடிச்சுக்குவாங்க. பேசாம இரு."

பேசாமல் இருந்தும் பார்த்தாள். ஒரு குடும்பப் படத்துக்கு வெளிச்சம் சரிசெய்ய உட்கார்ந்தாள். திரையில் வந்த ஒவ்வொரு முகமும் அவளையே முறைத்தது. ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஷட்டரை அரைகுறையாக இறக்கிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். இந்தத் தடவை சொட்டையும் பின்னால் வந்தது. அதை விரட்ட அவளுக்கு வாயில்லை.

"தப்பு என்னோடதுதான் சார். அவர் என் கடைக்கு வந்தவர்தான். தேடிப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு முகமும் மறக்காதுன்னீங்களேம்மா" என்றார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

எழுதி, கையெழுத்து வாங்கி முடித்து அவனைக் கூட்டிவந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. கவரில் இருந்த போட்டோவை இந்த முகத்தோடு வைத்துப் பார்த்தால் விசா கொடுக்கிறவன் வேறு ஆள் என்பான். வாசலில் சொட்டை அவனைக் கண்டதும் துள்ளியது. அதற்கு வீக்கமெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

"என்னை மன்னிச்சுருங்க தம்பி." போட்டோக்கா கைகூப்பினாள். "அன்னைக்கு வரிசையில நீங்க சிரிச்சீங்க. திருட்டுத் திமிருன்னு நினைச்சுட்டேன்."

அவன் குனிந்து நாயின் தலையைத் தடவினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள், திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நம்ம போட்டோக்கா வந்துட்டாங்க, என்னைத் தெரியும்னு சொல்லி விட்டுருவாங்கன்னு நினைச்சேன். அதான் சிரிச்சேன்" என்றான் அவன். "நீங்கதான் போட்டோ எடுக்கும்போதே சொன்னீங்களே, சிரிக்காதீங்கன்னு. நான்தான் கேக்கலக்கா."