ஏழு சீட்டில் நான்காவது

மைசூர் விஜயநகரில் ஏழு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் சந்துரு யாரையும் மதிப்பதில்லை. மனைவி ரூபா இறந்து எட்டு மாதம் ஆனபின் அவனுக்கு மிச்சமிருந்த உணர்ச்சி அந்த இளக்காரம் ஒன்றுதான்.

நான்கு மாதங்களுக்கு முன், மின்வெட்டில் ஜெனரேட்டரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று வீட்டுக்கு ஒரு எண் சீட்டில் எழுதி வாங்கினார்கள். செயலாளர் இராமச்சந்திரன் கூட்டி ஏழால் வகுத்தார். இரண்டு மணி போதும் என்று வாயால் சொன்ன மேல்வீட்டுக்காரர் சீட்டில் இருபத்துநான்கு என்று எழுதியிருந்தார். சராசரி எகிறியது.

"புளுகுறவன் ஜெயிக்கிற கணக்கு இது," என்றான் சந்துரு. புள்ளியியல் படித்தவன். "சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா வைங்க. நடுவுல இருக்கிற நாலாவது சீட்டுதான் முடிவு. ஓரத்துல நிக்கிறவன் இருபத்துநாலு எழுதட்டும், இருபத்துநாலாயிரம் எழுதட்டும். நடு அசையாது."

பிரித்த பிறகு யாரும் சீட்டை மாற்றக்கூடாது என்பதையும் அவனே சேர்த்தான். புரிந்ததா என்று கேட்கவில்லை. இவர்களுக்குப் புரியாது என்பது அவன் முடிவு.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விஷயம் பாப்பாத்தி. மோட்டார் போட்டு, படிக்கட்டு பெருக்கி, கீழே ஒற்றை அறையில் குடியிருப்பவள். தொலைவில் மார்டள்ளி கிராமத்தில் மகளுக்குத் தலைப்பிரசவம். ஒரு மாதம் போகவேண்டும் என்றாள். எத்தனை நாள் அவளுக்காகக் காத்திருப்பது என்று சீட்டு. அதற்குள் திரும்பாவிட்டால் வேறு ஆள். அறையும் போய்விடும்.

பரீட்சை எழுதுவதுபோல ஆளாளுக்குக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். ஒரு எண்ணுக்கு இத்தனை பாதுகாப்பு! சந்துரு மறைக்கவில்லை. மூன்று என்று கிறுக்கிப் போட்டான்.

இராமச்சந்திரன் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். "சைபர், சைபர், ரெண்டு, மூணு, பதினஞ்சு, முப்பது, முப்பது. நாலாவது மூணு. ஆயித்து. மூணு நாள்."

"மூணு நாளுங்களா?" என்றாள் வாசலில் நின்ற பாப்பாத்தி. "போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்ச ஒரு நாள்ல புள்ளை பொறந்துருமுங்களா?"

"எந்தப் புண்ணியவான் எழுதினது அந்த மூணு?" என்றாள் இரண்டாம் வீட்டு நிர்மலா.

சந்துரு வரிசையைப் பார்த்தான். இந்தப் பக்கம் மூன்று சீட்டு, அந்தப் பக்கம் மூன்று. இரண்டு முதல் பதினைந்து வரை அவன் எதை எழுதியிருந்தாலும் அதுவே முடிவாகியிருக்கும். முப்பது எழுதியிருந்தால் பதினைந்து கிடைத்திருக்கும். சைபர் எழுதிய அற்பர்களாவது யோசித்து எழுதினார்கள். மூன்று எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் பிடிபட்டது. ரூபா இறந்தபோது அவன் ஆபீஸ் கொடுத்த லீவு.

"நான்தான்," என்றான். "மாத்திக்கறேன்."

"அது ஹேகே, எப்படி ஆகும் சார்? பிரிச்சா மாத்தக்கூடாது. நீங்க போட்ட ரூல்தானே!" இராமச்சந்திரன் வெகுநாள் காத்திருந்தவர்போலச் சிரித்தார். அவர் சொன்னது சரி. அதுதான் சந்துருவுக்குப் பொறுக்கவில்லை.

"சரி. அவங்க வர்றவரைக்கும் அவங்க வேலையை நான் செய்யறேன். வேலை நடந்தா வேற ஆள் எதுக்கு?"

"நீங்க? படிக்கட்டு பெருக்குவீங்க?"

"உங்க வாசலையும் சேர்த்து. சரியில்லைன்னா தினம் ஒரு கூட்டம் போடுங்க. சும்னேதானே இருக்கீங்க."

நிர்மலா சிரித்துவிட்டாள். "எழுதிக்கோங்க செக்ரட்டரி, ஒரு மாசம்." யாரும் மறுக்கவில்லை. இராமச்சந்திரன் எழுதினார்.

பாப்பாத்திக்கு நம்பிக்கை வரவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள். "காலைல அஞ்சு மணிக்கு மோட்டார் போடோணும். தவறுனா ஏழு ஊடும் காயும். எந்திரிப்பீங்களா?"

"தூங்கினாத்தானே எந்திரிக்கறதுக்கு."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை. "மொதல்ல வந்து எது எந்த வால்வுன்னு பாருங்க," என்று முன்னால் இறங்கினாள்.